கரமனைப் பாலத்தில் நின்ற லாரி

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். நான் நாகர்கோவிலிலிருந்து தலைநகரத்துச் சந்தையான ஆரியசாலைக்கு அரிசி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்கான வரியைச் சர்க்காருக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அது போதாதென்று, நகரத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தடவைக்கும் தனி வரி என்று கரமனைப் பாலத்தின் மறுகரையில் ஒரு சாவடி போட்டார்கள். முதலாளிகள் அதை எங்கள் கூலியில் பிடித்தார்கள். ஏன் என்று கேட்டவனுக்கு மறுநாள் வண்டி கிடையாது. வேறு வழியில்லாமல் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து லாரிகளை நிறுத்திவிட்டோம்.

என் அக்காவின் கணவரும் அதே முதலாளியிடம்தான் ஓட்டினார். அவர் எங்களோடு சேரவில்லை. குடும்பத்தில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்தால் அடுப்பு எரியுமா என்று அக்காவிடம் கேட்டாராம். அதன் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

போலீஸ் காவலோடு ஒரு லாரி வருகிறது என்று ஒருநாள் காலையில் தகவல் வந்தது. நாங்கள் பாலத்தின் குறுக்கே வரிசையாக உட்கார்ந்தோம். லாரி பாலத்தில் ஏறியது. மூட்டைகள் மேல் கான்ஸ்டபிள்கள், முன்னால் இன்ஸ்பெக்டர், ஓட்டியவர் அத்தான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த நெய்யாற்றின்கரை டிரைவர் என் தோளைத் தொட்டார்.

“நீ பின்னால போயிரு மக்கா. ஒனக்கு இந்தச் சங்கடம் வேண்டாம்.”

போகலாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

“நிறுத்தண்டாம், போட்டே” என்று, நிறுத்தாமல் ஓட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் அதட்டுவது கேட்டது. லாரி வேகம் குறையாமல் வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் கிறீச்சிட்டது. ரேடியேட்டரின் சூடு என் நெற்றியில் அடித்தது. எஞ்சின் அணைந்தது.

இன்ஸ்பெக்டர் குதித்திறங்கி எங்களைத் தடியால் விலக்கச் சொன்னார். என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. எங்களை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பச் சொன்னார். அத்தான் சீட்டுக்கு அடியில் குனிந்து, எஞ்சினை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்பும் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். குனிந்தவர் நிமிரக் கொஞ்சம் தாமதமானதை நான் கவனித்தேன். பெட்ரோல் குழாயை அடைக்கும் திருகும் அங்கேதான் இருந்தது.

ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் சற்று ஓடி, இருமி, நின்றது. மறுபடி சுற்றினார். சட்டை நனையும் வரை சுற்றினார். கான்ஸ்டபிள்களும் மாறி மாறிச் சுற்றினார்கள். ஒருவருக்கு ஹாண்டில் எதிரடித்துக் கை வீங்கியது. சுற்றிலும் அத்தனை டிரைவர்கள் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

அரிசி ஏற்றிய அந்த லாரியே பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் மாட்டுவண்டிகளும் கார்களும் சேர்ந்துவிட்டன. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெரிய அதிகாரி வந்து பேசினார். சில வாரங்களில் உத்தரவு மாறியது. வரி போகவில்லை, ஆனால் முதலாளிதான் கட்ட வேண்டும், கூலியில் பிடிக்கக் கூடாது என்றார்கள்.

பாலத்தில் வண்டி நின்றதற்காக முதலாளி அத்தானை வேலையைவிட்டு நிறுத்தினார். நான் அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கையமர்த்தினார். கோபமாக இருந்தார்.

“பிரேக் கொஞ்சம் வழுக்கியிருந்தா ஒங்க அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்? வேற எடமா இல்ல ஒனக்கு உக்கார?”

அக்கா இரண்டு இலை போட்டாள்.