சுருட்டுப் பெட்டியும் குணா அண்ணன் சுமந்த பெயரும்

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வேன் மாதனூரில் நிற்காமல் போனது. குடியாத்தத்தில் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது. "ஏம்ப்பா, குணாண்ணன் ஏறலியே, வண்டிய நிறுத்து" என்று கத்தினேன். டிரைவர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அவரு வரமாட்டாருக்கா. வெடிகாலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போய்ட்டாரு." ஆம்பூர் வந்து சேரும்வரை நான் அந்த டிரைவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், நிற்காமல் வந்துவிட்டானே பாவி என்று. வேறு யாரைத் திட்டுவது?

கேன்டீனில் இரங்கல் கூட்டம், நீங்கள்தான் அவரோடு அதிகம் வேலை பார்த்தவர், ஒரு பக்கம் எழுதி வந்து படியுங்கள் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. நான் வசந்தா, பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர், வாய் ஜாஸ்தி என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாய் ஒரே ஒரு நாள் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்களோடு நிற்கிறேன்.

குணசேகரன் அண்ணன் இந்தக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் இன்சார்ஜாக இருந்தவர். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் ஜெனரேட்டர் ஷெட்டில் எண்ணெய்க் கையோடு நிற்கிற மனிதர். பழைய ஆட்களுக்கு "பொட்டி குணா". சரக்கு வாங்க வந்த பையரின் சுருட்டுப் பெட்டியைக் கெடுத்து ஆர்டரை ஒழித்தவர் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெயரோடுதான் அவரை அனுப்பி வைத்தோம். எனக்கு ஆறவில்லை.

எப்படிப்பட்ட மனிதர் என்று முதலில் ஒன்று சொல்கிறேன். ஒரு மே மாதம் தையல் ஹாலில் பெண்கள் வெக்கையில் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு எழுதிய கடிதங்களெல்லாம் ஜி.எம். மேஜையில் தூங்கின. அண்ணன் ஒருநாள் ஜி.எம். அறை ஏசியைக் கழற்றி, "கேஸ் கம்மி சார், மூணு நாளு ஆவும்" என்று தோளில் தூக்கிப் போய்விட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் ஜி.எம். சட்டை நனைய வெளியே வந்து, காற்றுக்காக ஹால் பக்கம் போய், அங்கே இருந்த கொதிப்பைப் பார்த்து, அன்றைக்கே எட்டு ஃபேனுக்குக் கையெழுத்துப் போட்டார். "சூட்ட பேப்பர்ல எழுதனா இன்னா தெரியும் வசந்தாம்மா? கொஞ்சம் உக்காரணும் அதுல" என்றார் அண்ணன். சிரிக்கக்கூட இல்லை. நாங்கள்தான் ஒரு வாரம் சிரித்தோம்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெளிநாட்டுப் பையர் சுருட்டு வைக்கும் அலமாரிகளுக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னார். ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, வெளியே நம்முடைய ஆட்டுத் தோல், உள்ளே செடார் மரப் பலகையும் இழுப்பறைகளும். அலமாரி என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் அது பெட்டிதான். உள்ளே வைக்கிற ஈரப்பத எந்திரத்தைப் பையரே அனுப்பியிருந்தார். டிஃபன் கேரியர் உயரம்தான் இருக்கும். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன ஃபேன், ஒயரின் நுனியில் ஒரு சென்சார். சாம்பிள் பெட்டியில் அதைப் பொருத்தி ஈரத்தை நிலையாக நிறுத்திக் காட்டினால் ஒரு லைனுக்கே இரண்டு வருட வேலை. அண்ணன் தலையில் கட்டினார்கள்.

"நம்ம ஊர்ல ஈரத்த வெரட்டறதுக்குத்தான் சம்பளம் குடுப்பாங்க. இப்ப ஈரத்த உள்ள உக்கார வெச்சு சோறு போடணுமாம்" என்று எங்கள் பிரிவின் ஏசி அறையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். சுருட்டு காய்ந்தால் நொறுங்கும், அதிகம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், ஈரம் காட்டும் மீட்டர் அறுபத்தெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்தி, எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் ரப்பர் பட்டையை மாற்றினார். மீட்டர் சரியா என்று பார்க்க, பாட்டில் மூடியில் நனைத்த உப்பை மீட்டரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி ஒரு நாள் வைத்தார். நனைந்த உப்போடு இருந்தால் எப்போதும் எழுபத்தைந்து காட்ட வேண்டும், காட்டியது. "மெஷின் பொய் சொல்லும், மேனேஜர் பொய் சொல்வாரு, உப்பு சொல்லாது" என்றார்.

போர்வெல் தண்ணீரை ஊற்றினால் தொட்டி வெள்ளையாகப் பொரிந்துவிடும் என்று டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தார். எந்திரத்தை உடனே ஓட்டவில்லை. காய்ந்த பலகை முதலில் தன் பங்கைக் குடிக்கட்டும் என்று ஒவ்வொரு தட்டிலும் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை வைத்துப் பத்து நாள் காத்திருந்தார். பிறகுதான் எந்திரம். அதன் மூச்சு நேராகப் படாதபடி சென்சாரை எதிர் மூலையில் ஒட்டினார். இழுப்பறைகளுக்குப் பின்னால் நாலு விரல் இடம் விட்டிருந்ததைக் காட்டி, "இது காத்து சுத்தி வர்ற வழி வசந்தாம்மா. இங்க மட்டும் எதையும் வெக்க உடாதீங்க" என்று என்னிடம்தான் சொன்னார். நம்பி என்னிடம் சொன்னார்.

மீட்டர் அறுபத்தொன்பதில் மூன்று நாள் அசையாமல் நின்றது. அண்ணன் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்து பிரிவு முழுக்கக் கொடுத்தார்.

இப்போது என் கதை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நாம் அனுப்பிய கைப்பைகள் பச்சைப் பூஞ்சையோடு போய்ச் சேர்ந்ததும், நான் ஜி.எம். அறையில் நின்று எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் பை போடாமல் நான் எதையும் மூடுவதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் இல்லாத நேரத்தில் பெட்டியின் பின்பக்கத் தோலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. போச்சு, பூஞ்சை வரப்போகிறது, மறுபடியும் நான்தான் நிற்க வேண்டும் என்று பயந்தேன். கன்டெய்னரில் தொங்கவிடுகிற பெரிய உறிஞ்சிப் பை இரண்டை எடுத்து, பழக்கப்படி தேதியும் என் கையெழுத்தும் போட்டு, அவர் காட்டிய அதே நாலு விரல் இடத்தில் சொருகினேன். பையர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாளும் பெல்ட் ஷிப்மென்ட்டில் தலையைச் சொறிய நேரமில்லை. மறந்தேன். நம்பினால் நம்புங்கள்.

திங்கட்கிழமை பையர் வந்து தன் சுருட்டுகள் ஒரு டஜனை உள்ளே வைத்துவிட்டு, புதன்கிழமை பார்க்கிறேன் என்று சென்னைக்குப் போனார். மீட்டர் அப்போதே அறுபத்தொன்று, கதவைத் திறந்ததால் இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஐம்பத்தேழு. எந்திரம் ஓயாமல் ஓடித் தொட்டி காலியாகிறது, ஈரம் மட்டும் ஏறவில்லை. அண்ணன் ரப்பரை மாற்றினார், சென்சாரை மாற்றினார், தரையில் படுத்துக் கதவிடுக்கில் கன்னத்தை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். சுருட்டு இருக்கிறது, தட்டுகளைக் கழற்றக் கூடாது என்று பையர் சொல்லியிருந்ததால் பின்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "எதோ ஒண்ணு ஈரத்த குடிக்குதும்மா. எது குடிக்குதுன்னுதான் தெர்ல. பேஜாரா இருக்குது."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது, கேளுங்கள், ஒரு முழு நாள். பைகளை எடுத்திருந்தால் மீட்டர் ஏறத் தொடங்கியிருக்கும். நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆனால் தறி நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த கணவர், காலேஜ் போகிற இரண்டு பெண்கள், ஏற்கெனவே வாங்கிய கடிதம் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. சொல்லாமலே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். "சாப்ட்டு வாங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீங்க போங்கம்மா, எனக்கு எறங்காது." டீக்குக் கூப்பிட்டேன். "வாணாம்." வீட்டுக்குப் போகச் சொன்னேன். சோறு தண்ணி இல்லாமல் அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போனால் நான் யோக்கியமானவளாகிவிடலாம் என்று நான் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சனியன் பிடித்த புத்தி எனக்கு!

புதன்கிழமை பையர் ஒரு சுருட்டைக் காதோரம் வைத்து உருட்டினார். சருகு மாதிரி சத்தம் கேட்டது, மேல் இலை பிளந்தது. மரியாதையாகக் கை குலுக்கிவிட்டுப் போனார். ஆர்டரும் போனது. ஜி.எம். எல்லார் முன்னாலும் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். அவர் "சாரி சார், எங்கயோ தப்பு பண்ட்டேன்" என்று தலை குனிந்தார். அப்போதும் நான் அங்கேதான் நின்றேன்.

வியாழக்கிழமை அவர் பெட்டியைப் பிரித்தார். நான் எட்டிப் பார்த்தபோது பின்னால் பைகள் இல்லை. ஊறிப் பருத்த அந்த இரண்டு பைகளும் அவற்றின் மேல் இருந்த என் கையெழுத்தும் அவர் கண்ணில் பட்டுவிட்டன. அவற்றை அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் கேன்டீனில், இதோ அந்த ஜன்னலோர மேஜையில், எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பெட்டித் தோலு நல்லாத்தான் இருக்குது வசந்தாம்மா. பூஞ்சை கீஞ்சை ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பொரியல் ஜாஸ்தி இருக்குதுண்ணா, போட்டுக்குங்க" என்றேன். போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவரை ஜெனரேட்டர் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அவர் தப்பிக்க ஒரு வார்த்தை போதும், என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஷெட் வெக்கைதான் அவர் நெஞ்சை எடுத்ததா என்று டாக்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேனில் இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் வந்தார். சொல்ல எத்தனை காலைகள் இருந்தன! இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போன ஆள் இப்போது இல்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், என்னுடைய பழிதான். எனக்காக அவர் வைத்திருந்தார். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். கம்பெனி என்ன செய்ய நினைக்கிறதோ செய்யட்டும். இனி யாரும் அவரைப் பொட்டி குணா என்று சொல்லக் கூடாது. சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள்.

அவர் மனைவி கலாவதி அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனை எடுப்பதற்கு முன் வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூடவே இருந்தீங்களே, அந்த பொட்டில அவரு அப்டி இன்னாதான் தப்பு பண்ணாரு? கேட்டா சிரிச்சிட்டுப் போய்டுவாரு" என்று அழுதார். அங்கேயும் நான், "இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்" என்றுதான் சொன்னேன். அண்ணன் அங்கேதான் கிடத்தப்பட்டிருந்தார், அவர் முன்னாலேயே அப்படிச் சொன்னேன்.

அவரு ஒரு தப்பும் பண்ல அண்ணி. பண்ணது நான்.