பால்கனி வழியே நுழைந்த குளிர்

அடையாறில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து, பனி கொட்டும் ஊர்களுக்குக் குடியிருப்புகள் வரைந்துகொண்டிருந்தோம். கொஞ்ச மின்சாரத்திலேயே கதகதப்பாக இருக்கும், காற்றில் கரிப்புகையும் அதிகம் சேராது என்று எங்களுக்கு வேலை தரும் அந்த ஊர்க் கம்பெனி விளம்பரம் செய்யும். சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று கணக்கிடுவது என் வேலை. பனியை நான் நேரில் பார்த்ததில்லை.

ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், அறையின் கான்கிரீட் தளமே வெளியே நீண்டு பால்கனியாகியிருந்தது. குளிர் புகாமலிருக்கக் கட்டடத்தைச் சுற்றிப் போர்த்திய பஞ்சுப் பலகை அந்த இடத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தது. குழம்பில் கிடக்கும் கரண்டியின் காம்பு சுடுவதைப் போல, வெளிக்குளிர் தளத்தின் வழியே உள்ளே வந்துவிடும். மூலையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“சார், பால்கனியத் தனியாப் பிரிக்கணும். நடுவுல இன்சுலேஷன் வேணும்.”

“அந்த ஊர்க் கம்பெனிக்காரங்களே ஓகே பண்ணிட்டாங்கம்மா. வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும். விடு.”

விட்டேன். அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் அறிக்கையை முடித்து, என் பெயரையும் போட்டேன்.

இரண்டு குளிர்காலம் கழித்து அந்தக் கட்டடத்திலிருந்து புகைப்படங்கள் வந்தன. தொட்டிலுக்குப் பின்னால் சுவர் மூலை முழுக்கக் கறுப்பு. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று அதன் தாய் எழுதியிருந்தாள்.

அந்தக் கம்பெனியோடு நடந்த வீடியோ கூட்டத்தில் மேலாளர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கணக்குப் போட்டவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். திரையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும், “நான் அன்னிக்கே சொன்னேனே சார்” என்றேன்.

“சொன்னே. மெயில் போட்டியாம்மா?”

போடவில்லை.

சைதாப்பேட்டையில் வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றார் கணவர். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதான் தெரியுமில்ல. அப்புறம் ஏன் கையெழுத்து போட்ட?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் கேட்டது சரி என்பதுதான் ஆத்திரம்.

பால்கனிகளை அறுத்தெடுத்துத் தனித் தூண்களில் நிறுத்தும் பழுதுபார்ப்பு வரைபடத்தை நான்தான் வரைந்தேன். அதில் மேலாளர் பெயர் இருந்தது. பிறகு ஒரு கருத்தரங்கில், அந்தக் கட்டடம் தமக்குக் கற்பித்த பாடம் பற்றி அவர் பேசினார். அவர் பேசப் பேசத் திரையில் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொடுத்தவள் நான். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இன்னும் அங்கேதான் வேலை. குழந்தைக்கு இருமல் நின்றதா என்று யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.