இருபத்து மூன்று ஓட்டும் பாதிவழிப் பெயிண்டரும்

மாநிலம் முழுவதற்கும் தேசிய சபையில் ஒரே ஒரு இடம். அதற்கு ஒரு லேடி டாக்டரும் ஒரு வக்கீலும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்கு டி.வி. வராத காலம். மாவட்டவாரியாகப் போனில் வரும் எண்ணிக்கையைப் பத்திரிகை ஆபீஸ் வாசலில், பெரிய கரும்பலகையில் எழுதுவது பெயிண்டரின் பொறுப்பு. மற்ற நாளில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், அன்று ஏணியில் ஏறிவிட்டால் தெருவே அவர் தூரிகையைத்தான் அண்ணாந்து பார்க்கும்.

ஊரில் அவருக்குப் ‘பாதிவழி’ என்று பெயர். போன தேர்தலில் அவசரத்தில் கட்டம் மாற்றி எழுதிவிட்டார். தோற்றவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பாலத்தில் பாதி தூரம் போன கூட்டம், உண்மை தெரிந்ததும் அங்கேயே இறக்கிவிட்டது. பாவம், ஒற்றைச் செருப்போடு நடந்தே வீடு போனார் மனிதர். இன்னொரு தப்பு வந்தால் ஏணி வேறு ஆளுக்கு என்று மேனேஜர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

பதினான்கு மாவட்டங்களில் பதின்மூன்று முடிந்தபோது டாக்டர் சரியாக ஐந்நூறு ஓட்டு முன்னால். பெயிண்டருக்கு உள்ளுக்குள் றெக்கை முளைத்தது. அவர் டாக்டர் கட்சி என்பது ஊரறிந்த விஷயம். அவர் மனைவியின் அண்ணன், மரக்கடைக்காரர், வக்கீலின் ஏஜெண்ட் என்பதும்தான்.

கடைசி மாவட்டம் வந்தது. ஜன்னல் வழியே டைப்பிஸ்ட் அம்மா உரக்கப் படித்தார்: வக்கீல் 3186, டாக்டர் 2274. மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். வக்கீல் நானூற்றுப் பன்னிரண்டில் ஜெயித்துவிட்டார். தெரு கொந்தளித்தது.

தூரிகையை ஓங்கிய கை அப்படியே நின்றது. இதே 2274ஐ மத்தியானம் எழுதியிருந்தார். இரண்டாவது ஏழில் பெயிண்ட் தீர்ந்து, மறுபடி தொட்டு இழுத்தது கைக்கு ஞாபகம் இருந்தது. பலகையில் தேடினார். ஐந்தாவது வரிசையில் இரண்டு எண்ணும் அச்சு அசலாக இருந்தன.

“மறுபடி கேளுங்கம்மா. அங்க யாரோ வேற மாவட்டத்தைப் படிச்சிட்டாங்க.”

“என்ன மாப்ளே, உங்க டாக்டர் தோத்ததும் கை வரலையா?” என்றார் மரக்கடைக்காரர். ஒரே சிரிப்பு. யாரோ ஏணியை ஆட்டினார்கள். ‘பாதிவழி, பாதிவழி’ என்று தாளம் போட்டார்கள். மேனேஜரும் வாசலுக்கு வந்து, பேசாமல் எழுதச் சொன்னார்.

பெயிண்டர் ஏணியிலிருந்தபடியே மரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். “மச்சான், நீங்களே போய்ப் போனைக் காதுல வைங்க. நீங்க வந்து என்ன சொல்றீங்களோ, அதை எழுதறேன்.”

மரக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. வாய்க்குள் ஏதோ முனகினார்.

“சத்தமா, மச்சான்.”

“வக்கீல் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. டாக்டர் ரெண்டாயிரத்து நானூத்து அறுபத்துநாலு. போதுமா?”

பெயிண்டர் எழுதினார். கட்டத்தை விரலால் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். அடியில் கூட்டிப் போட்டார். டாக்டர், இருபத்து மூன்று ஓட்டில்.

வாசலில் முடிவுக்குக் காத்திருந்த டாக்டரைக் கூட்டம் நாற்காலியோடு தூக்கியது. ஆனால் நகரவில்லை. ஏணியடியில் நின்று மேலே பார்த்தது.

“கிளம்பலாமா அண்ணே?”

பெயிண்டர் பலகையை மேலிருந்து கீழே இன்னொரு முறை படித்தார். அந்த நேரம் முழுக்க டாக்டர் அந்தரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாலத்தைத் தாண்டியே போங்க,” என்றார்.