மெற்றில்டாவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இந்தக் கதையைப் பல தடவை கேட்டுவிட்டேன். பனிமலையில் மெற்றில்டா புருசனின் கையை உதறிவிட்டுத் தான் மட்டும் தப்பி வந்தாளாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்களில் ஒருவராவது ஸ்கொட்லாந்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

மெற்றில்டா மன்னார்க்காரி. எண்பத்தைந்தில் புருசனோடு இங்கே ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்து, ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வேலை செய்கிற சிலர் குளிர்காலத்தில் வான் வண்டி பிடித்து ஸ்கொட்லாந்து மலைகளில் நடக்கப் போவார்கள். ஒரு முறை வண்டியில் இடம் இருக்கிறதென்று இவளும் ஏறினாள். பிறகு எந்தக் குளிர்காலத்தையும் விட்டதில்லை. காற்று பனியை வாரி எந்தச் சரிவில் குவிக்கும், மேலே இறுகிய பனிக்குக் கீழே சீனி மாதிரி உதிரும் பனி கிடந்தால் என்ன நடக்கும், எல்லாம் படித்தாள். அப்படிப்பட்ட சரிவில் கால் வைக்கவே கூடாது. வேறு வழியே இல்லையென்றால், ஒருவர் முழுதாகக் கடந்து முடித்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, போகிறவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பனி சரிந்தால் புதைகிறது ஒருவர்தான். எங்கே புதைந்தார் என்று பார்த்தவர்கள் ஓடிப்போய்த் தோண்டலாம்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் புருசன் கிறிஸ்துராஜாவும் கூடப் போனான். "கலியாணம் கட்டின பொம்பிளைக்கு வெள்ளைக்காரரோட மலையில என்ன வேலை?" என்று அவனுடைய அக்கா றோஸ்மலர் அரித்த அரிப்பில்தான் போனான்.

மலையில் அவர்கள் வந்த வழியைப் பனிப்புயல் மூடிவிட்டது. கீழே இறங்க ஒரு சின்னச் சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. மெற்றில்டா பனியைத் தோண்டிப் பார்த்தாள். சரியில்லை. தனித்தனியாகத்தான் கடப்பது என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். முதலில் போக அவள் எழும்பியபோது கிறிஸ்துராஜா கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்டாப் போவம். உன்னைத் தனிய விடமாட்டன்."

அதற்காக நான் அவனைத் திட்டமாட்டேன். இங்கே வருமுன் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் தப்பிப் போனபோது, தண்ணீர் ஏறிய படகில் இரண்டு பேரும் கையைக் கோத்தபடிதான் உயிரோடு கரை சேர்ந்தார்கள். எங்கள் சனமே அப்படித்தான். சோதனைச்சாவடியோ பங்கர்க் குழியோ, ஒன்றாகப் போனால்தான் நெஞ்சு ஆறும். பனிக்கு இதெல்லாம் தெரியாது.

"கையை விடுங்கோ. நான் அங்கால போய்க் கை காட்டின பிறகு வாங்கோ," என்றாள் மெற்றில்டா. உதறித்தான் விட்டாள். ஓம், அது உண்மை.

அவள் தனியே போவதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மற்றவர்கள் தடுக்கத் தடுக்கப் பின்னால் ஓடினான். அவள் மறுபக்கத்துப் பாறையில் கால் வைத்த நேரம், அவன் காலடியில் சரிவு வெடித்துக் கிளம்பியது. அவன் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. பனி நின்றதும் அங்கிருந்து நேர்கீழே இறங்கி, கம்பால் குத்திக் குத்தித் தேடி, மற்றவர்கள் வந்து சேருமுன்பே தோண்டத் தொடங்கினாள். முகம் நீலமாக வெளியே வந்தது. மூச்சு இருந்தது. கால் மட்டும் முறிந்திருந்தது.

இதை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஒரு சொல் மாறவில்லை.

ஆனால் கட்டுப்போட்ட காலைப் பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொன்னது றோஸ்மலர். அவனோ வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு கிடந்தான். அந்தக் கோழைத்தனத்துக்குத்தான் அவனைத் திட்டுகிறேன். சனம் மெற்றில்டாவோடு பேசுவதை நிறுத்தியது. ஞானஸ்நான வீடுகளுக்கு அவனை மட்டும் அழைத்தார்கள்.

ஈஸ்டருக்கு றோஸ்மலர் வீட்டில் சாப்பாடு. நானும் இருந்தேன். மேசையில் மறுபடி அதே கதை கிளம்பியது. மெற்றில்டா எழுந்தாள்.

"மச்சாள், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு போயிருந்தா ரெண்டு பேரும் பனிக்குள்ள. இவரை ஆர் தோண்டி எடுத்தது எண்டு இவரிட்டயே கேளுங்கோ." பிறகு புருசனைப் பார்த்தாள். "இண்டைக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் உங்களோட வீட்டுக்கு வரமாட்டன்."

கிறிஸ்துராஜா தலை நிமிர்ந்தான். "அக்கா, அவள் என்னை நிக்கச் சொன்னவள். நான் கேக்கேல்லை, பின்னால ஓடினன். என்ர பாரத்திலதான் பனி உடைஞ்சது. என்னைத் தோண்டி எடுத்தது அவள்தான்."

அப்பாடா, ஒருவழியாகத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

றோஸ்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களே? இவ்வளவு நடந்தும் என்ர தம்பி பெண்சாதியை விட்டுக்குடுக்கிறானில்லை. இப்பிடி ஒரு மனுசன் ஆருக்குக் கிடைக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கிறிஸ்துராஜா திரும்பவும் வாயெடுத்தான். அதற்குள் அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி விழுந்தது. நின்றுகொண்டிருந்த மெற்றில்டாவை உட்கார்ந்து சாப்பிடச் சொல்ல ஒருவரும் இல்லை.