பார்க்காமலே எழுதிய துண்டு

காத்தான்குடியில் ஒரு நெசவு நிலையத்தில் பதினோரு வருடமாகத் தறி மிதித்தவள் ஸாலிஹா. புருஷன் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்தத் தறிதான். 1964 மாசி மாதம் அதை அவளிடமிருந்து பறிக்கப் பார்த்தது ஒரு துண்டுக் கடதாசி.

முதலில் நோவுதான் வந்தது. வலப்பக்கம் மட்டும், முதுகிலிருந்து மார்புக்குக் கீழே சுற்றிக்கொண்டு நெருப்பாய் எரிந்தது. டிஸ்பென்சரி டொக்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்ன வேலை என்று கேட்டார். நெசவு என்றாள். அவருக்கு அது போதும். முள்ளந்தண்டில் நரம்பு நசிந்திருக்கிறது, இனித் தறிக்குழியில் இறங்கவே கூடாது என்று எழுதினார். தைலம் பூசி, சுடுமணல் ஒத்தடம் பிடிக்கச் சொன்னார். குனிந்தால் கூடுகிறதா, இருமினால் வெட்டி இழுக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை அந்த மனுஷனுக்கு. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள். குனிந்தாலும் இருமினாலும் ஒன்றுமில்லை; சட்டைத் துணி உரசினால்தான் உயிர் போனது.

துண்டைப் படித்த மேற்பார்வையாளர், மாதம் முடியத் தறியை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் கொப்புளங்கள் எழும்பின. ஒத்தடம் சுட்டுவிட்டதென்று அவளே நினைத்தாள். மருந்து கட்ட டிஸ்பென்சரிக்குப் போன இடத்தில், துணி மறைப்புக்குப் பின்னால் தாதி செசீலியா மிஸ்ஸி சட்டையைத் தளர்த்திப் பார்த்தாள்.

"சூடுபட்டா இப்பிடிப் பட்டி போலயா வரும்? முதுகு முள்ளோட நிக்குது. மற்றப் பக்கம் ஒண்டுமில்ல. சின்னதில கொப்புளிப்பான் அம்மை வந்ததா கா?"

"ஓம் மிஸ்ஸி. ஏழு வயசில."

"உள்ளுக்குக் கிடந்தது இப்ப எழும்பியிருக்கு. இது அக்கி. தறிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஸாலிஹா வரிசையைத் தாண்டி நேரே டொக்டரின் மேசைக்குப் போனாள். மிஸ்ஸியும் பின்னால் வந்து, இது அக்கி என்று சொன்னாள்.

"உங்கட பொம்புளையள் உடம்பைப் பாக்க விடமாட்டாங்களே. நான் என்ன செய்ய?" என்றார் டொக்டர்.

தன் சோம்பலுக்கு அவளுடைய முக்காட்டைச் சாட்டாக்கினார். படித்த வாய் அது.

"நீங்க கேட்டீங்களா ஐயா? நான் மாட்டன் எண்டனா? அண்டைக்கும் மிஸ்ஸி நிண்டவ. மறைப்பும் இருந்திச்சு. எழும்பத்தான் உங்களுக்குப் பஞ்சி."

"அந்தக் கதிரை வேர் விட்டிருக்கும் மகள்," என்றாள் வரிசையில் நின்ற ஆமினா உம்மா. சிரிப்பு எழும்பியது. டொக்டரும் எழும்பினார்.

மறைப்புக்குள் அரை நிமிடம் பார்த்தார். வந்து, அக்கி, மூன்று கிழமை லீவு என்று எழுதினார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"முந்தி எழுதினது பிழை எண்டும் எழுதுங்க ஐயா."

"எனக்கு எழுதப் பழக்கிறியா?"

"தறி போறது எனக்கு. எழுதுங்க."

எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய படிப்பில் இருக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் கிறுக்கியதை மிஸ்ஸி தமிழில் சத்தமாக வாசித்த பிறகே ஸாலிஹா நெசவு நிலையத்துக்கு நடந்தாள்.

பங்குனியில், கொப்புளம் காய்ந்தும் நோவு விடாத உடம்போடு, அதே தறிக்குழியில் இறங்கினாள்.