அக்கா கையில் ஒட்டிய சிவப்பு அம்பு

மல்லிகாக்கா, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தப்பும் தவறுமாகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மேலேயிருந்து சிரிக்காதே.

சில வருடங்களுக்கு முன், திருப்பூரில் நாங்கள் இருவரும் வேலை செய்த பனியன் கம்பெனியில், ஆயுத பூஜை அன்று நடந்தது இது. நான் டைலர், அக்கா செக்கிங், தைத்த துணியில் பழுது பார்க்கிற வேலை. அக்காவுக்குப் பிறவியிலேயே ஒரு அபூர்வ நோய். லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரிந்துவிடும். தையல் உறுத்தும் என்பதால் சட்டையைக்கூடத் திருப்பித்தான் போடுவாள். பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பெனியில் அவளுக்கு வைத்த பேர் 'டேமேஜ் பீஸ்'.

அந்தப் பூஜையில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று முதலாளி சொல்ல, அக்கா பேர் கொடுத்துவிட்டாள். வாரமெல்லாம் சோறு வடிக்கும்போதுகூட ஒத்திகைதான்.

பேர் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தாள். துணியில் பழுது எங்கே என்று காட்ட, செக்கிங்கில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் ஒன்றை, எங்களோடு வேலை செய்கிற ஒரு பெண் சட்டென்று அக்காவின் கையில் ஒட்டினாள்.

"டேமேஜ் போகுது, வழி விடுங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பிய்த்தால் தோலும் கூடவே வந்துவிடுமே!

"பேச வேண்டாங்க்கா, ஊட்டுக்குப் போயரலாம்," என்று அழுதேன்.

"அட, சும்மா இரு கண்ணு. இன்னிக்குத் திரும்பிப் போனா அப்புறம் நான் எந்த மைக்கையும் தொட மாட்டேன்."

ஸ்டிக்கரோடே மேடை ஏறினாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூடப் பேசவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை எதுக்குங்க ஒட்டறோம்? துணியத் தூக்கி வீசறதுக்கா? இல்லீங்க, இங்க பார்த்துச் சரி பண்ணுங்கன்னு காட்டறதுக்கு. என்ற தோலை எந்த டாக்டராலயும் சரி பண்ண முடியாதுங்க. ஆனா ஒட்டின கையைச் சரி பண்ணீரலாமுங்க."

கட்டிங் டேபிள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பியது, ஷெட்டே அதிர்ந்தது. இறங்கி வந்ததும், ஒட்டிய அந்தப் பெண்ணே பூஜைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கொண்டு வந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, தோல் உரியாமல் மெதுவாக எடுத்தாள்.

"ஏனுங்க, ஒட்டறப்ப இருந்த வேகத்தைக் காணமே?" என்றாள் அக்கா. அழுதுகொண்டே சிரித்தாள் அந்தப் பெண்.

அதன் பிறகு சோமனூர், பல்லடம் என்று பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் அக்காவைப் பேசக் கூப்பிட்டன. கொப்புளப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட கையோடு போய்ப் பேசுவாள். கேலிக்கு ஆளான பிள்ளைகள் கூட்டம் முடிந்தும் அவளை விடமாட்டார்கள்.

இந்தப் பொங்கல் கழிந்து, புண்ணில் கிருமி ஏறி, அக்கா போய்விட்டாள். குளிப்பாட்டும்போது, அன்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பெண்தான் முன்னால் வந்து, "பைய ஊத்துங்க சாமி, உரசுனா அவளுக்கு வலிக்கும்," என்றாள். என் அக்கா சரி பண்ணிய கை அது என்று நினைக்கும்போது, அழுகையிலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

உங்களுக்கு எந்தச் சாமியோ, அந்தச் சாமியிடம் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன இடத்திலாவது என் மல்லிகாக்காவுக்கு எதுவும் உரசாமல் இருக்கட்டும்.