கறுப்பு நூல் கட்டிய போத்தல்

எங்கள் குசினியில் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று சும்மா போத்தல். மற்றதன் கழுத்தில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்து அதில்தான் ஊற்றி வைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதை யாரும் தொடமாட்டார்கள். அந்த நூலை அவிழ்த்து என் பாவைப்பிள்ளைக்குச் சடை கட்டியவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. அதனால்தான் சின்னம்மாவின் கலியாணம் குழம்பியது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளுக்குச் சமைத்துப் போடுகிறவர். அவர்கள் பின்னேரத்தில் குடிக்க உட்காரும்போது கடிப்பதற்கென்று வெங்காயத்தை வளையம் வளையமாகப் பொரிக்கப் பழகியிருந்தார். வீட்டில் அதை ஏதும் விசேஷமென்றால் மட்டும் செய்வார்.

அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். இருபது வயது. ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் படலைக்கு ஓடுவார். அந்த நேரத்தில்தான் அப்பாவின் தமையன், என் பெரியப்பா, ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் தம்பலகாமத்தில் வயல், இரண்டு சோடி மாடு, பெண்சாதி தவறிப்போனதால் வளர்க்க ஆளில்லாத மூன்று பிள்ளைகள். பெரியப்பா இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். மாடுகளோடு சேர்த்துப் பிள்ளைகளையும் சொத்தாகத்தான் சொன்னார் போலிருந்தது.

“எனக்கு வேண்டாமக்கா” என்றார் சின்னம்மா.

“உன்னை ஆர் கேட்டது?” என்றார் அம்மா. “இப்பிடி ஒரு இடம் இனி வருமோ?”

தமையனுக்கு முன்னால் அப்பா கதிரையில் உட்கார்ந்தே நான் கண்டதில்லை. எதிர்த்துக் கதைப்பது எங்கே?

நல்ல நாளென்று வெள்ளிக்கிழமையே பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் அப்பா வேலையால் நேரத்தோடு வந்து குசினிக்குள் இறங்கினார். பம்பாய் வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததைக் கழற்றி மோரில் போட்டார். துறைமுகத்தில் முட்டை அடித்துச் சேர்ப்பதுதான் வழக்கமாம். “வெள்ளிக்கிழமையெல்லோ, முட்டை கூடாது” என்று மோரோடு நிறுத்திக்கொண்டார். கோதுமை மாவில் கொஞ்சம் அரிசி மாவும் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து வைத்தார். நான் பச்சை வளையங்களை விரல்களில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

“அத்தான், எண்ணெய் ஊத்தட்டோ?” என்று கேட்டார் சின்னம்மா.

“ஊத்து பிள்ளை.”

சின்னம்மா நூல் இல்லாத இரண்டு போத்தல்களையும் பார்த்தார். ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, தாச்சியில் ஊற்றினார். எது எந்தப் போத்தலென்று எனக்கும் தெரியவில்லை. சொன்னால் நூல் கதை வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன்.

எண்ணெய் காய்ந்தது. அப்பா குனிந்து ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்த்தார். அது பொரிந்து மேலே வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சின்னம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்ர அக்கா எங்க?”

“சாமி அறையில, சாம்பிராணி போடுறா.”

“நல்லாப் போடட்டும்” என்றார் அப்பா. வளையங்களை நாலு நாலாக மாவில் புரட்டி எண்ணெயில் விட்டார். பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வந்தன.

வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. மாப்பிள்ளை, அவரின் தாய், பெரியப்பா மூவரும் அந்தப் புகைக்குள் வரிசையாக இருந்தார்கள். சின்னம்மா தட்டை நீட்டினார். மாப்பிள்ளை, பாவம், பசியோடு வந்த மனிதர். தாய் ஒன்றை எடுத்துக் கடிப்பதற்குள் அவர் நாலைந்தை முடித்துவிட்டார்.

தாய் மெல்லுவதை நிறுத்தினார்.

“இதென்ன, சூடை மீன் மணக்குது?”

மாப்பிள்ளையின் கை இன்னொன்றுக்குப் போனது. தாய் அதில் ஒரு அடி போட்டார்.

“வையடா அதை! வெள்ளிக்கிழமை விரதத்தோட வந்த எனக்கு மச்சத்தைத் தந்திட்டினமே! பெண் பார்க்க வந்த இடத்தில இதென்ன சகுனம்?”

பெரியப்பா எழும்பி அப்பாவைப் பார்த்துக் கத்தினார். “துறைமுகத்துக் குசினிப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திட்டியோ? இந்த எண்ணெயை ஆர் ஊத்தினது?”

நான் கதவுக்குப் பின்னால் பாவைப்பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

“நான்தான் அண்ணை” என்றார் அப்பா. “போத்தல் மாறிப்போச்சு. என்ர பிழை.”

வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடியாமல் போனார்கள். அம்மா அழுதார். பெரியப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. அது அப்பாவுக்குச் சின்ன வருத்தமில்லை.

பொழுது படும்போது கிணற்றடியில் சின்னம்மாவிடம் போய், நூலை அவிழ்த்தது நான்தான் என்று சொல்லி அழுதேன். சின்னம்மா என்னையும் பாவைப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“நூலோ? ஐயோ, என்ர குஞ்சு” என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டார். மிஞ்சிய வளையங்களை நாங்கள் இரண்டு பேரும் விரதத்தையும் பாராமல் தின்றோம்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு புது நூலெடுத்துப் போத்தலில் கட்டினார். பாவைப்பிள்ளையின் சடையைப் பார்த்து, “அது அதுக்கே இருக்கட்டும்” என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொன்னார் என்று முடிவு செய்தேன். அந்த நன்றியிலேயே வளர்ந்தேன். சின்னம்மா அடுத்த தையில் பயிற்சிக்குப் போனார். அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் போனார்.

போன மாதம் என் மருமகள் பேரப்பிள்ளைகளுக்கு வெங்காயம் பொரிக்க அடுப்பை மூட்டினாள். நான் முன்னறையில் கதிரையில் இருந்தேன். எனக்குக் கண் பார்வை குறைவு, காதும் மந்தம்.

“பிள்ளை, அது மீன் பொரிச்ச எண்ணெய்” என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

“அங்க இருந்துகொண்டு எப்பிடி மாமி கண்டுபிடிச்சனீங்க?”

“மணக்குதே” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

மூடியைத் திறந்தது சின்னம்மா. அது மீன் பொரித்த எண்ணெயென்று அறிய அவருக்கு நூல் எதற்கு? அப்பாவோ முட்டையைக்கூடத் தள்ளிவைத்த மனிதர். மீன் மணம் முகத்தில் அடிக்க அந்தத் தாச்சிக்கு மேலே குனிந்து நின்று, கடைசி வளையம்வரை கருகாமல், பதமாகப் பொரித்து எடுத்தார்.